கேட்டு வாங்குங்கள்: பழைய ஸ்பீக்கர் விற்பனையில் உங்கள் உரிமைகள்

நல்ல ஸ்பீக்கருக்குச் சீக்கிரம் வயதாவதில்லை. கைபேசி ஐந்தாறு ஆண்டில் பழையதாகிவிடும். ஒழுங்காக வைத்திருந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர் முப்பது ஆண்டு கழித்தும் நன்றாகவே பாடும். அதனால்தான் இசை ஆர்வலர்களின் வாட்ஸ்அப், டெலிகிராம், ஃபேஸ்புக் குழுக்களில் ஸ்பீக்கர்கள் ஓயாமல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. கோயம்புத்தூரில் ஒருவர் விற்பதைப் புனேயில் ஒருவர் வாங்குகிறார். இருவரும் முகம் பார்த்ததில்லை. மற்றவர் வீட்டில் எந்த ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது, எந்த ராகத்துக்கு உருகுவார் என்பது மட்டும் தெரியும். அந்தப் பழக்கத்தை நம்பி ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்று அனுப்பிவிடுகிறோம்.

இப்படி வாங்குவதில் தவறில்லை. பெரிய சம்பளமில்லாத பலருக்கு நல்ல ஒலி எட்டுவது இந்த வழியில்தான். ஆனால் ஏமாந்துபோனால் நுகர்வோர் நீதிமன்றம் இருக்கிறது என்று பலரும் தைரியமாக இருக்கிறார்கள். அந்தத் தைரியத்துக்கு அடிப்படை இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரியிடமும் சேவை நிறுவனத்திடமும் பணம் கொடுத்தவருக்கானது. தன் வீட்டில் இருந்த ஸ்பீக்கரை விற்கும் தனிமனிதர் வியாபாரி அல்ல. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளும் இதை வெளிப்படையாகவே சொல்கின்றன: தொழிலாகவோ வாடிக்கையாகவோ இல்லாமல் ஒருவர் தனிப்பட்ட முறையில் செய்யும் விற்பனைக்கு அவை பொருந்தாது.

அப்படியானால் எஞ்சியிருப்பது இரண்டு பழைய சட்டங்கள்: 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும். பழையவை என்றாலும் விவரம் தெரிந்தவருக்கு நன்றாகவே உதவும். சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பொருளின் தரத்தை வாங்குபவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும்போது இதற்கு விதிவிலக்கு உண்டு. ஆனால் 15ஆம் பிரிவு எல்லா விற்பவரையும் கட்டுப்படுத்தும்: விவரம் சொல்லி விற்றால், பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும். ‘ஒரிஜினல் ட்வீட்டர், பிரித்ததே இல்லை, ஒரே செட்டில் வந்த ஜோடி’ என்று எழுதியவர் அதற்குக் கட்டுப்பட்டவர். ‘சூப்பர் சவுண்ட் சார், நம்பி எடுங்க’ என்று எழுதியவர் எதற்கும் கட்டுப்பட்டவரல்ல. தனிமனிதர் விற்பனையில், சொல்லவைத்த அளவுக்குத்தான் உங்களுக்குச் சட்டத்தின் துணை உண்டு.

சொல்லவைப்பது எப்படி? ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் ஒரு குதிரை வருகிறது. குதிரைக்கு நோய் இருப்பது விற்பவருக்குத் தெரியும்; சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அதே பிரிவு இன்னொரு சூழ்நிலையையும் காட்டுகிறது. ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நல்ல நிலையில் இருப்பதாக எடுத்துக்கொள்வேன்’ என்று வாங்குபவர் சொல்கிறார். விற்பவர் வாயைத் திறக்கவில்லை. இப்போது அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

ஆகவே பணம் அனுப்புவதற்கு முன் இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘நீங்கள் சொன்ன குறைகளைத் தவிர வேறு பழுதோ, மாற்றிய பாகமோ, ரிப்பேரோ இல்லை என்று எடுத்துக்கொண்டு வாங்குகிறேன். இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.’ நல்ல மனிதர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். போனில் எவ்வளவு பேசினாலும் முடிவை எழுத்தில் வாங்குங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. நேரில் போய், சாதாரணக் கவனத்திலேயே தெரிந்திருக்கக்கூடிய குறையைப் பார்க்காமல் வந்துவிட்டால், ‘அவர் சொல்லவில்லை’ என்பது பிறகு எடுபடாமல் போகலாம். ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படி ஒரு விலக்கு வைத்திருக்கிறது.

எதைக் கேட்பது என்று தெரியாதவர்தான் அதிகம் இழக்கிறார். முதல் கேள்வி, தாழ்ந்த ஒலி தரும் ஊஃபரின் விளிம்பைப் பற்றி. கோனைச் சட்டகத்தோடு இணைக்கும் அந்த வளையம் ரப்பரா, துணியா, ஃபோமா? ஃபோம் என்றால் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தானாகவே உதிரத் தொடங்கும்; நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று அதற்கு இன்னும் எமன். புதிய ஃபோம் ஒட்டியிருந்தால் கெடுதல் இல்லை, ஆனால் யார் ஒட்டியது, இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஒட்டியதா என்று தெரிய வேண்டும். அடுத்தது உச்ச ஒலி தரும் ட்வீட்டர். சக்தி போதாத ஆம்ப்ளிஃபயரை முழு வால்யூமில் திணறவிட்டால் முதலில் எரிவது அதுதான். எரிந்த ட்வீட்டருக்குப் பதில் வேறு கம்பெனியுடையதை மாட்டி, முன்பக்க வலையை மூடிவிட்டால் போட்டோவில் ஒன்றும் தெரியாது. வலையைக் கழற்றிய படம், ட்ரைவர்களின் (ஊஃபர், ட்வீட்டர் போன்ற ஒலிப்பான்களின்) பின்புற எண் தெரியும் படம், இரண்டு பெட்டிகளின் சீரியல் நம்பர் படம் ஆகிய மூன்றையும் தராதவரிடம் அவசரப்பட வேண்டாம்.

சில மாடல்களுக்கு அவற்றுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. 1968இல் வந்த போஸ் 901இன் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்பது சிறிய ட்ரைவர்கள். ஒன்று முன்பக்கம், எட்டு பின்பக்கம். அதனுடன் வரும் ஈக்வலைசர் பெட்டி இல்லாமல் அது வடிவமைத்தபடி ஒலிக்காது. ஈக்வலைசர் தொலைந்த ஜோடியைப் பாதி விலை என்று சொல்லி விற்கும்போது, வாங்குபவருக்குக் கிடைப்பது அரைகுறைப் பொருள். யமஹாவின் என்எஸ்-1000எம் மாடலில் மிட்ரேஞ்ச், ட்வீட்டர் இரண்டின் குமிழ்களும் (டோம்) பெரிலியம் உலோகத்தால் ஆனவை. உடைந்த பெரிலியத்தின் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. உடைந்த குமிழை வீட்டில் சுரண்டியோ ஒட்டியோ பார்க்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த சப்ஊஃபர், ஆக்டிவ் ஸ்பீக்கர் என்றால் 110 வோல்ட்டா, 230 வோல்ட்டா என்று கேட்டே ஆக வேண்டும்.

நேரில் போக முடிந்தால் ஒரு மல்ட்டிமீட்டர் எடுத்துப் போங்கள். எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கர் பெரும்பாலும் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் காட்டும். இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். பல பெட்டிகளில் இந்த அளவு ஊஃபரை மட்டுமே காட்டும், ட்வீட்டரைக் காதால்தான் சோதிக்க வேண்டும். ஊஃபர் கோனை விரல்களால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்டால் உள்ளே வாய்ஸ் காயில் விலகியோ கெட்டோ இருக்கலாம். மோனோவில் ஒரு குரலை ஓடவிட்டு இடம், வலம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். கேபினெட்டின் அடிப்பகுதியைத் தடவிப் பாருங்கள், ஈரம் ஏறி மரத்தூள் பலகை உப்பியிருந்தால் கையிலேயே தெரிந்துவிடும். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைத் தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

பணத்துக்கு வருவோம். எளிய மோசடி, இல்லாத பொருளுக்கு அட்வான்ஸ் கேட்பது. எங்கோ எடுத்த படத்தைப் போட்டு, ‘இன்னொருத்தர் ரெடியா இருக்கார், பாதிப் பணம் போட்டா உங்களுக்கு எடுத்து வைக்கிறேன்’ என்பார்கள். உங்கள் பெயரும் அன்றைய தேதியும் எழுதிய தாளை ஸ்பீக்கர்மேல் வைத்து வீடியோ அழைப்பில் பாடவைத்துக் காட்டச் சொல்லுங்கள். விற்பவருக்கு வரும் வலை வேறு மாதிரி: ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்’ என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்குப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. அதைத் தட்டினால் பணம் உங்களிடமிருந்துதான் போகும். நீங்களே பின் போட்டு அனுமதித்த பரிமாற்றத்துக்கு வங்கியிடம் இழப்பீடு பெறுவதும் மிகக் கடினம்.

இன்னொரு மோசடியைப் பற்றிப் போதுமான அளவு யாரும் எச்சரிப்பதில்லை. நீங்கள் ஒரு ஜோடியை எண்பதாயிரத்துக்கு விற்பனைக்குப் போடுகிறீர்கள். மோசடிக்காரர் உங்களிடம் வாங்குபவராக வருகிறார். உங்கள் படங்களையே எடுத்து வேறு இடத்தில் விற்பவராகவும் நிற்கிறார். அங்கே ஏமாந்த ஒருவரிடம் உங்கள் கணக்கு எண்ணைக் கொடுத்துப் பணத்தைப் போடவைக்கிறார். பணம் வந்ததும் நீங்கள் நிம்மதியாக, அவர் அனுப்பிய வண்டியில் ஸ்பீக்கரை ஏற்றிவிடுகிறீர்கள். பொருள் மோசடிக்காரரிடம் போய்ச் சேர்கிறது. ஏமாந்தவர் புகார் கொடுக்கிறார், புகாரில் இருப்பதோ உங்கள் கணக்கு. சில நாளில் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படுகிறது. குற்றம் செய்யாதவர் சம்பளப் பணத்தை எடுக்க முடியாமல், வேறு மாநிலக் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க நேர்கிறது. பணம் அனுப்பிய கணக்கின் பெயரும், உங்களோடு பேசியவரின் பெயரும், பொருளைப் பெறுபவரின் பெயரும் ஒன்றாக இருந்தால் மட்டும் பொருளை அனுப்புங்கள். ‘அண்ணன் கணக்கிலிருந்து போட்டேன்’ என்றால் அந்த அண்ணனோடு பேசிவிட்டு அனுப்புங்கள்.

கணக்கு முடங்கிவிட்டால், எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். விற்பனைக்கான உரையாடல், படங்கள், அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் அந்த நிலையத்துக்கு அனுப்பி, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கக் கோருங்கள். மறுத்தால் உரிய நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று பல வழக்குகளில் உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன.

பணம் போய்விட்டது என்று தெரிந்த நொடியில் 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். பணம் அடுத்த கணக்கிலிருந்து வெளியேறுவதற்குள் தகவல் போனால் அதை நிறுத்திவைக்க முடியும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வெட்கப்பட்டு இரண்டு நாள் வீட்டில் மறைத்து வைப்பவர்களின் பணம் பெரும்பாலும் திரும்புவதில்லை. ஏமாற்றுதலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும், கணினி வழி ஆள்மாறாட்டத்துக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் பொருந்தும். உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதும் என்று பழைய கைபேசியை விற்றுவிடவும் வேண்டாம். மின்னணுச் சான்றுக்கு மூலக் கருவி கையில் இருப்பது பெரிய பலம்.

பொருள் உண்மையாக வந்தும் உடைந்து வந்தால்? இங்கே சட்டம் பலருக்கும் அதிர்ச்சி தரும். வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், அனுப்பச் சொன்ன பொருளைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பதே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கருதப்படும் என்கிறது சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு. வழியில் உடைந்தால் நஷ்டம் பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான். ‘நல்ல நிலையில் கைக்கு வந்து சேரும்வரை பொறுப்பு விற்பவருடையது’ என்ற ஒரு வரி இதை மாற்றும். கொரியர் நிறுவனத்தையும் முழுதாக நம்ப முடியாது. கையெழுத்திட்ட ரசீதில் இழப்பீட்டு வரம்பு அச்சிட்டிருந்தால் அது செல்லும் என்று 1996இல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் உண்மையான மதிப்பை எழுதிக் காப்பீடு எடுங்கள். லாரி பார்சல் என்றால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். தவறினால் பிறகு வழக்குப் போட முடியாது. கொரியரும் லாரி நிறுவனமும் சேவை தருபவர்கள், ஆகவே அவர்கள்மேல் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி இடைவெளியில்லாமல் வீடியோ எடுங்கள். குறை கண்டால் உடனே எழுத்தில் சொல்லுங்கள். நியாயமான காலம் கடந்து பேசாமல் வைத்துக்கொண்டால் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நஷ்டஈடு கேட்கும் உரிமைதான் மிஞ்சும்.

ஆர்வலர் என்ற பெயரில் மாதம் பத்து ஜோடி விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வியாபாரிகள், நுகர்வோர் சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும். அவர்களுடைய மற்ற விற்பனை அறிவிப்புகளையும் சேமித்து வையுங்கள். வாடிக்கையான விற்பனை என்று நிரூபிக்க அது உதவும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால், இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே புகார் செய்யலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. விற்றவர் தனிமனிதர் என்றால் நோட்டீஸ், பிறகு மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு அந்த அலைச்சல் கட்டாது என்று தோன்றினால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரசத்துக்கு மனு கொடுங்கள். தேசிய சட்ட உதவி எண் 15100. ஆத்திரத்தில் குழுவில் ‘திருடன்’ என்று பெயர், முகவரி, ஆதார் படத்தோடு போட்டுவிடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பக்கூடும். நடந்ததை நடந்தபடி, ஆதாரத்தோடு எழுதுவது வேறு.

நேர்மையாக விற்பவருக்கும் பாதுகாப்பு வேண்டும். நல்ல ட்ரைவரைக் கழற்றிக்கொண்டு கெட்டதை மாட்டித் திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அனுப்புவதற்கு முன் இரண்டு பெட்டியும் பாடுகிற வீடியோ, ட்ரைவர் எண்கள், உள்பேக்கிங் படங்கள் எடுத்து வையுங்கள். குறைகளை அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் பின்னால் வரும் பாதிப் பிரச்சினை அடங்கும். உத்தரவாதம் பல கம்பெனிகளில் முதலில் வாங்கியவருக்கு மட்டுமே. அது மாறுமா என்று தெரியாமல் ‘வாரண்டி இருக்கு’ என்று எழுத வேண்டாம். ஒரு பக்க ரசீது எழுதுங்கள்: இருவர் பெயர், மாடல், சீரியல் நம்பர், தொகை, பணம் வந்த கணக்கு, சொன்ன குறைகள், வழியில் உடைந்தால் யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் குறை சொல்லலாம். பொருள் தன்னுடையது, விற்கத் தனக்கு உரிமை உண்டு என்ற வரியும் அதில் இருக்கட்டும். பழைய பில் இருந்தால் அதையும் பெட்டிக்குள் வைத்து அனுப்புங்கள்.