பொன் அங்கே! நஞ்சு இங்கே!

"ஆற்றிலே போட்டால் போயிற்று!" என்பது நம் நாட்டிலே தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பேச்சு. வீட்டுக் குப்பையா? ஆற்றிலே கொட்டு! பட்டறைக் கழிவா? ஆற்றிலே தள்ளு! ஆலைச் சாக்கடையா? இரவோடு இரவாக ஆற்றிலே திறந்துவிடு! அனகாபுத்தூரில் நின்று அடையாற்றைப் பார்ப்பவர்களுக்கு இந்தப் பேச்சின் விளைவை எவரும் விளக்க வேண்டியதில்லை. கண் காணும், மூக்கு உணரும்.

போயிற்று, போயிற்று என்கிறோமே, எங்கே போயிற்று? அனகாபுத்தூரை விட்டு மணப்பாக்கம் போயிற்று. நந்தம்பாக்கமும் சைதாப்பேட்டையும் கோட்டூர்புரமும் கடந்து கடலுக்குப் போயிற்று. அங்கே வலை விரித்துக் காத்திருப்பவன் யார்? ஆலை முதலாளியா? அல்ல, மீனவத் தோழன்! நாம் 'போயிற்று' என்று கைகழுவியது, அவனுடைய வலைக்கு 'வந்து' சேர்ந்தது!

ஆறு கொண்டு போகும், கொன்று போடாது. இதைத்தான் நாம் உணரவேண்டும். இலை விழுந்தால் மக்கும். சாணம் விழுந்தால் கரையும். ஆனால் உலோகம் விழுந்தால்? அது மக்குவதுமில்லை, மாய்வதுமில்லை. குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது. அப்படிப்பட்ட வட்டாரத்திலே வாழும் நமக்கு, பம்மல், நாகல்கேணித் தோல் தொழிலை அறிந்த நமக்கு, உலோக நஞ்சைப் பற்றிப் புதிதாகப் பாடம் தேவையில்லை. எனினும் உலோகங்களிலே பொல்லாத ஒன்று உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். பாதரசம்!

பார்வைக்கு அழகு, வெள்ளியை உருக்கிவிட்டாற்போல! தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம். கையிலே பிடித்தால் நிற்காது. தரையிலே விட்டால் முத்து முத்தாக ஓடும். குழந்தைகள் விளையாட ஆசைப்படுவார்கள். ஆனால் அறையின் சாதாரண வெப்பத்திலேயே அது ஆவியாகும். நிறமில்லாமல், மணமில்லாமல் மூச்சோடு உள்ளே நுழையும். நரம்பையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

நீரிலே விழுந்தால் கொடுமை இன்னும் அதிகம். ஆற்றின் அடிச்சேற்றிலே வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசம் என்ற கொடிய நஞ்சாக மாற்றுகின்றன. அதை நுண்பாசி ஏற்கிறது. பாசியைச் சிறு பூச்சி தின்கிறது. பூச்சியைச் சிறு மீன், சிறு மீனைப் பெரிய மீன், பெரிய மீனை மனிதன்! ஒவ்வொரு படியிலும் நஞ்சு குறையவில்லை, குவிகிறது. நெசவுத் தோழர்களுக்கு இது எளிதில் விளங்கும். நூலில் ஏறிய கெட்டிச் சாயம், அலசினால் போகிறதா? அதுபோலத்தான் மீனின் தசையில் ஏறிய பாதரசமும். கழுவினாலும் போகாது, குழம்பிலே கொதித்தாலும் போகாது. கருவுற்ற தாய் உண்டால், வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளைக்கே செல்லும்.

கட்டுக்கதையா இது? ஜப்பான் நாட்டைக் கேளுங்கள். மினமாட்டா என்ற கடற்கரை ஊரிலே சிஸ்ஸோ என்ற இரசாயன ஆலை, பாதரசக் கழிவைக் குடாக்கடலிலே விட்டது. முதலில் பூனைகள் வெறிகொண்டு ஆடின. பிறகு மனிதர்கள் நடை தள்ளாடினர், பேச்சுக் குழறினர், பார்வை இழந்தனர். 1956ல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று அரசு ஒப்புக்கொண்டது எப்போது? 1968ல்! பன்னிரண்டு ஆண்டுகள்! அந்த இடைவெளியிலே, 1965ல், நீகாட்டாவில் இரண்டாவது கொள்ளை. அங்கே நஞ்சைச் சுமந்து வந்தது கடலல்ல, அகானோ என்ற ஆறு! ஷோவா டென்கோ ஆலை மேலே இருந்தது. மீன் பிடித்து உண்ட ஏழைகள் கீழே இருந்தார்கள். மேலே இருப்பவன் விட்டதைக் கீழே இருப்பவன் குடித்தான். உலகெங்கும் இதுதானே வரலாறு!

ஆலைக்குக் கீழே வாழ்ந்தவர்கள் கதை இது. ஆலையே இல்லாத இடத்து மக்களின் கதையைக் கேளுங்கள்.

வடதுருவத்தைச் சுற்றி இன்யூட் என்ற மக்கள் வாழ்கிறார்கள். விளையும் நிலமில்லை, பனிதான். கடல்நாயும் திமிங்கிலமும் மீனும் அவர்கள் உணவு. அவர்கள் பாதரச ஆலை வைத்ததில்லை. எனினும் அவர்கள் உண்ணும் கடல்விலங்குகளின் உடலிலே பாதரசம், கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகிவிட்டது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்!

எப்படி வந்தது? காற்று கொண்டுவந்தது என்றுதான் நெடுநாள் எண்ணினார்கள். 2012ல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆறுகளும் பெருவழி என்று எடுத்துரைத்தார்கள். சைபீரியாவிலே ஓப், எனிசேய், லீனா என்று மூன்று பேராறுகள். நம் ஆறுகள் கிழக்கே ஓடும்; அவை வடக்கே ஓடி வடதுருவக் கடலிலே கலக்கும். பனி உருகும் பருவத்திலே வெள்ளம் பெருகும்போது, மண்ணிலே படிந்துகிடந்த பாதரசத்தை வண்டலோடு வாரிக்கொண்டு போய்க் கடலிலே கொட்டுகின்றன. உலகம் சூடாகச் சூடாக, ஆயிரமாயிரம் ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணும் இளகுகிறது. அதற்குள் அடைபட்டிருந்த பாதரசமும் ஆற்றிலே இறங்குகிறது.

சைபீரிய மண்ணிலே படிந்தது எங்கிருந்து வந்தது? இயற்கை தந்தது ஒரு பங்கு. மனிதன் தந்தது பெரும்பங்கு! நிலக்கரி எரிக்கும் புகைபோக்கிகளும், பாதரசம் கலந்து பொன் பிரிக்கும் சிறு சுரங்கங்களும் கக்கிய ஆவி, பல மாதங்கள் காற்றிலே மிதந்து, நாடுகடந்து, கடல்கடந்து எங்கோ விழுகிறது. நம்பமுடியவில்லையா? அனகாபுத்தூர்த் தறியிலே நெய்த மதராஸ் கைக்குட்டைத் துணி, ஒரு காலத்தில் நைஜீரியா நாட்டுச் சந்தையிலே விலைபோனது. நம் உழைப்பு அவ்வளவு தூரம் போனதென்றால், நஞ்சு வடதுருவம் போவதிலே வியப்பென்ன? ஒரே ஒரு வேறுபாடு. துணிக்கு விலை கிடைத்தது. நஞ்சுக்கு விலை கொடுப்பவன், அதை வாங்காதவன்!

தொலைவு நாட்டுக் கதை போதும். நம் தமிழ்நாட்டுக்கு வாருங்கள். மலைகளின் இளவரசி என்று பாராட்டுகிறோமே கோடைக்கானல், அங்கே நடந்ததைக் கேளுங்கள். அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்த காய்ச்சல்மானித் தொழிற்சாலையைப் பெயர்த்து, 1983ல் கோடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்கள். பாண்ட்ஸ் நிறுவனத்துடையது, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. செய்த காய்ச்சல்மானிகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி. வேலை செய்தவன் நம்மவன், சுவாசித்தவன் நம்மவன். காய்ச்சல் பார்த்துக்கொண்டவன் மட்டும் சீமையிலே!

2001 மார்ச்சிலே குட்டு உடைந்தது. மூஞ்சிக்கல்லிலே பழைய சாமான் கடையொன்றில், பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7.4 டன் குவிந்துகிடந்தது! பொதுமக்களும் தொழிலாளரும் பழனிமலைப் பாதுகாப்பு மன்றத்தாரும் கிரீன்பீஸ் இயக்கத்தாரும் திரண்டனர். ஆலை மூடப்பட்டது. 2003ல், பாதரசம் கலந்த கழிவு ஏறத்தாழ 290 டன், கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. ஏழை நாட்டிலே கொட்டிய நஞ்சை வல்லரசுக்கே திருப்பி அனுப்ப முடியும் என்று காட்டினார்கள் அந்த மலைவாழ் மக்கள்!

கப்பலேறியது குப்பை. ஏறாதது எத்தனை? தொழிற்சாலையின் சரிவுக்குக் கீழே பாம்பார்ச் சோலை. அங்கிருந்து இறங்கும் நீர்தான் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் விழுந்து வைகைப் படுகைக்குச் செல்கிறது. அணுசக்தித் துறை விஞ்ஞானிகளின் ஆய்வு ஒன்று, 2006ல் வெளியானது. கோடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருப்பதை எடுத்துக்காட்டிற்று. எனவே ஆலை மூடியதோடு கதை முடியவில்லை. மண்ணைத் துப்புரவு செய்வதிலே வழக்கு வந்தது. கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்று அளவு வகுத்தார்கள். கீழே சோலையும் ஆறும் இருக்க, இந்த அளவு போதாது என்று வாதாடினார்கள் சூழல் காப்போர். மண்ணிலே விட்டுவைப்பது மழையிலே இறங்காதா? இறங்கியது ஆற்றிலே சேராதா? நியாயமான கேள்வியன்றோ!

தொழிலாளர் நிலை? உடல் நலிந்தோம் என்றார்கள். வேலையால் வந்த நோயல்ல என்றது நிறுவனம். 2006ல் சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். 2016 மார்ச்சிலேதான் 591 முன்னாள் தொழிலாளருக்கு உடன்பாடு ஏற்பட்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள்! நீதி வந்தது; நடந்து வந்தது; ஊர்ந்து வந்தது!

பாதரசத்தைப் பொன்னாக்கலாம் என்று ரசவாதிகள் பல நூற்றாண்டுகள் உலை ஊதினார்கள், முடியவில்லை. முதலாளி முடித்துக் காட்டினான்! ஆனால் அந்த ரசவாதத்திலே பொன் அங்கே போயிற்று. நஞ்சு இங்கே தங்கிற்று.

2013ல் ஜப்பானிலே நாடுகள் கூடி, மினமாட்டா உடன்படிக்கை செய்தன. பாதிக்கப்பட்ட ஊரின் பெயரையே சட்டத்துக்குச் சூட்டினார்கள். 2017ல் அது நடைமுறைக்கு வந்தது; 2018ல் இந்தியாவும் ஏற்றது. வடதுருவ மக்களின் துன்பமும் அதன் முகவுரையிலே இடம்பெற்றது. நல்லது. ஆனால் ஏட்டிலே எழுதிய சட்டம் ஆற்றிலே இறங்க வேண்டுமே! அதை இறக்குபவர்கள் யார்?

நாம்தான், தோழர்களே! பட்டறையிலும் ஆலையிலும் நம் கையிலே தரும் பொருள் என்ன என்று கேட்போம். பாதரசம் என்றால், இரத்தமும் சிறுநீரும் சோதித்த முடிவு தொழிலாளியின் கையிலேயே வரவேண்டும் என்போம். பழைய காய்ச்சல்மானி வீட்டிலே உடைந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், துடைப்பத்தால் பெருக்காதீர்கள், சன்னலைத் திறந்துவிட்டு, கெட்டி அட்டையால் திரட்டிக் குப்பியிலே மூடுங்கள். குழல்விளக்கிலும் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைத்து ஆற்றங்கரையிலே எறிவது நம் கையாலேயே நஞ்சு தூவுவதாகும். அவற்றைத் தனியே வாங்கிச் சேர்க்கும் ஏற்பாடு ஒவ்வொரு வட்டத்திலும் ஒழுங்காக நடக்கிறதா என்று தாம்பரம் மாநகராட்சியைக் கேட்போம். நஞ்சு செய்தவனே அதைத் திரும்பப் பெறவேண்டும். அவன் கெடுத்த மண்ணை அவன் செலவிலேயே துப்புரவாக்க வேண்டும். இது பிச்சையல்ல, உரிமை!

"ஆற்றிலே போட்டால் போயிற்று" என்று இனி எவன் சொன்னாலும், கையைப் பிடித்துக் கேளுங்கள்: "போயிற்று சரி, யார் வீட்டுச் சட்டிக்குப் போயிற்று?"