தாதியர் கையிலே ஒரு தராசு

மாத்தளையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்து வைத்தியசாலைக்குப் புறப்படும் தாய்மார் முதலிற் கேட்பது, “எத்தனை நாள் தங்க வேண்டும்?” என்பதே. நாட்கூலியை நம்பி வாழ்வோருக்கு அது அற்பமான கேள்வியன்று. அடுப்பு எரிவதும், பிள்ளைகளைப் பார்ப்பார் யார் என்பதும் அதிலே அடங்கியுள்ளன.

அக்கேள்வி பெரும்பாலும் தாதியையே வந்தடைகிறது. விடை தேடி அவர் ஓர் ஆய்வுக் கட்டுரையைப் புரட்டுகிறார் எனக் கொள்வோம். அதிலே ஐந்து நோயாளர் தங்கிய நாட்கள் 2, 3, 3, 4, 28. இவற்றின் கூட்டுத்தொகை 40. ஐந்தால் வகுத்தால் இடை, அதாவது சராசரி, 8. “எட்டு நாள்” என்று தாதி கூறின், அந்தத் தாய் சிகிச்சையையே தள்ளிப்போடக்கூடும். ஆனால், ஐவருள் நால்வர் நான்கு நாட்களுக்குள் வீடு திரும்பிவிட்டனரே! ஏறுவரிசையின் நடுவில் நிற்கும் இடையம் 3. அதிகமுறை வரும் ஆகாரமும் 3. ஒரேயொரு 28 சராசரியைத் தன்பால் இழுத்துவிட்டது.

சராசரி ஒன்றாயினும் நிலைமை ஒன்றாகாது. ஒரு வார்ட்டிலே மூவர் 4, 5, 6 நாட்களும், மற்றொன்றிலே மூவர் 1, 5, 9 நாட்களும் தங்கினர் என்போம். இரண்டிலும் இடை 5. ஆனால் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் உள்ள வேறுபாடாகிய வீச்சு, முன்னதில் 2, பின்னதில் 8. எண்கள் இடையிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதைக் காட்டும் நியம விலகல், முன்னதில் 1, பின்னதில் 4. விலகல் சிறிதாயின் சராசரியை ஓரளவு நம்பலாம். பெரிதாயின் நிதானித்தே பேச வேண்டும்.

இக்கணக்கு தாதியர் தொழிலுக்குப் புதிதன்று. கிரிமியப் போரிலே காயங்களால் இறந்தோரிலும் தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தோரே மிகுதி என்பதைப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் வண்ண வரைபடங்களால் நிறுவினார். 1858ஆம் ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதற் பெண் உறுப்பினராகவும் அவர் தெரிவுசெய்யப்பட்டார். விளக்கேந்திய அக்கரங்களே எண்களையும் ஏந்தின.

ஆகவே, தாதியர் பயிற்சியை நாடும் எம் மாணவியர் கணிதத்தைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. கூட்டலும் வகுத்தலும் அறிந்தார்க்கு இதன் வாயில் திறந்தே இருக்கிறது. ஒன்றை மட்டும் மறவாதிருப்போம்: 28 நாள் தங்கியவரும் ஒரு மனிதரே. இடையம் அவரைப் பொருட்படுத்தாது விடலாம், தாதி விடலாகாது. அவர் ஏன் அத்தனை நாள் தங்கினார் என்று வினவுவதிலேதான் அடுத்த ஆய்வு பிறக்கிறது.