தவளையின் வால் எங்கே போனது?

மழைக்காலத்தில் குட்டையில் தலைப்பிரட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு வால் உண்டு. தவளைக்கு வால் இல்லை. வால் அறுந்து விழுவதில்லை. அதிலுள்ள செல்கள் தாமாகவே செத்துக் கரைந்து போகின்றன. செல் என்பது உயிருள்ள உடலின் மிகச் சிறிய பகுதி. கண்ணுக்குத் தெரியாது.

தாயின் வயிற்றில் நம் விரல்களும் முதலில் ஒட்டியே இருந்தன, வாத்தின் காலைப் போல. இடையில் இருந்த செல்கள் செத்தன. விரல்கள் பிரிந்தன.

செல் எப்படிச் சாகிறது? செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணிய உறுப்புகள் உண்டு. பெயர்தான் வாயில் நுழையாது. வேலை நமக்குத் தெரிந்ததே. அடுப்பு போல, உணவிலிருந்து செல்லுக்குச் சக்தி எடுத்துத் தருகின்றன. அதற்கு உதவும் ஒரு புரதம் சைட்டோகுரோம் சி. செல் மிகவும் பழுதானால் மைட்டோகாண்ட்ரியாவின் மேல்தோலில் ஓட்டை விழும். இந்தப் புரதம் வெளியே கசியும். உடனே செல்லை வெட்டும் வேறு புரதங்கள் கிளம்பும். செல் துண்டு துண்டாகும். பக்கத்துச் செல்கள் அதைத் தின்றுவிடும். சோறு போட்ட அடுப்பே கொள்ளியும் வைக்கிறது! 1996இல் அமெரிக்காவில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

ஓட்டை விழாமல் தடுக்கும் புரதமும் உண்டு. சில ரத்தப் புற்றுநோய்களில் அது அளவுக்கு மேல் இருக்கும். சாக வேண்டிய செல் சாகாது. பெருகிக்கொண்டே போகும். அந்தப் புரதத்தை அடக்கும் வெனிடோகிளாக்ஸ் என்ற மருந்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மருந்து வேலை செய்தால் ஓட்டை விழும். நோய்ச்செல் சாகும்.