வயலைப் படம் பிடிக்கும் ட்ரோனும் காமிராவின் திரும்பு வேகமும்

வரப்பில் நின்று வயலைப் பார்ப்பது ஒன்று. மேலிருந்து பார்ப்பது மற்றொன்று. சம்பாப் பயிர் நன்கு வளர்ந்து நிற்குங் காலத்தில், நடுவயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகுவதும், புகையான் கண்டு வட்டம் வட்டமாகப் பயிர் காய்வதும் வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படா. இக்குறையைப் போக்குதற்கு ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு விமானம் இப்பொழுது நம் விவசாயிகளுக்குத் துணையாக வந்துள்ளது. செல்லவேண்டிய வழியை முன்னதாகவே குறித்துக் கொடுத்துவிட்டால், அது தானாகவே பறந்து, வயல் முழுவதையும் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடும்.

ஆனால் இவ்விதம் எடுத்த படங்களிற் பல பிரயோஜனமின்றிப் போகின்றன. வயலின் மூலையில் காமிரா சடக்கென்று திரும்புவதால், பார்க்கவேண்டிய இடம் கண்ணெதிரே கோடு கோடாக ஓடி மறைந்துவிடுகிறது. வெள்ளச் சேதத்தைக் காட்ட எடுத்த படம் இப்படிக் கெட்டுவிட்டால் மறுபடி எடுப்பது அரிது; ஏனெனில் இரண்டொரு நாளில் நீர் வடிந்துவிடும். 2018ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் கஜா புயல் டெல்டாப் பகுதியில் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது யாவருக்கும் நினைவிருக்கும். அத்தகைய சமயங்களில், விழுந்த மரங்களை அப்புறப்படுத்துமுன் எடுத்த தெளிவான படமே பின்னர்ப் பேசுதற்கு உதவும். ஆதலின் காமிராவின் திரும்பு வேகத்தை அடக்கும் வகையைச் சிறிது ஆராய்வோம்.

திரும்புவது எது?

சாதாரணமாக விற்கப்படும் சிறு ட்ரோன்களில் காமிரா கிம்பல் என்னும் தாங்கியில் பொருத்தப்பட்டிருக்கும். கிம்பல் காமிராவை மேலும் கீழும் சாய்க்கும், ஆட்டத்தையும் அடக்கும். இடம் வலமாகத் திரும்புவதற்கோ பெரும்பாலும் விமானமே தன் உடலைத் திருப்பவேண்டும். ஆகவே காமிராவின் திரும்பு வேகம் என்பது உண்மையில் விமானத்தின் முகம் திரும்பும் வேகமேயாம்.

பறக்கும் வழியில் நாம் குறிக்கும் இடங்களுக்கு வழிப்புள்ளிகள் என்று பெயர். ஒவ்வொரு வழிப்புள்ளிக்கும் உயரம், வேகம், முகம் நோக்கும் திசை ஆகியவற்றைத் தனித்தனியே கொடுக்கலாம். புள்ளியில் நின்று திரும்பும்படி கட்டளையிட்டால், விமானம் தனக்கென அமைந்த வேகத்தில் விரைந்து திரும்பிவிடும். அவ்வேகம் பெரும்பாலும் நம் வசத்தில் இராது. நில்லாமல் வளைந்து செல்லும் முறையில், ஒரு புள்ளியின் திசைக்கும் அடுத்த புள்ளியின் திசைக்கும் உள்ள வித்தியாசத்தை இடையிலுள்ள தூரம் முழுவதிலும் பரப்பிச் சிறிது சிறிதாகத் திரும்பும். இம்முறையே நமக்கு ஏற்றது. செயலிக்குச் செயலி அமைப்பு வேறுபடுமாதலால், தம்முடைய செயலி எம்முறையில் திருப்புகிறது என்பதை ஒரு வெள்ளோட்டத்தில் கண்டறிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு

திரும்ப வேண்டிய டிகிரியைப் பறக்கும் வேகத்தால் பெருக்கி, இரு புள்ளிகளுக்கும் இடையேயுள்ள தூரத்தால் வகுத்தால், விநாடிக்கு எத்தனை டிகிரி திரும்பும் என்பது கிடைக்கும்.

ஓர் உதாரணம்: வயலின் வடகிழக்கு மூலையில் இரு வழிப்புள்ளிகள் 12 மீட்டர் இடைவெளியில் உள்ளன. விமானம் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதற்குள் 90 டிகிரி திரும்பவேண்டும். 12 மீட்டரைக் கடக்க 3 விநாடி ஆகும். ஆகவே திரும்பு வேகம் விநாடிக்கு 30 டிகிரி. காமிராவின் பார்வை 80 டிகிரி அகலமுள்ளதானால், படத்தின் ஓர் ஓரத்தில் தோன்றிய பொருள் 3 விநாடிக்குள் மறு ஓரத்தைக் கடந்துவிடும். இதில் கண் எதையும் பற்றி நிற்க இயலாது. விநாடிக்கு 10 டிகிரியானால் அதே பொருள் 8 விநாடி கண்ணில் நிற்கும். ஆகையால் விநாடிக்கு 10 டிகிரிக்கு மேற்படாமல் வைத்துக்கொள்வது நலம்.

மேற்சொன்ன மூலையைச் சீர்படுத்த மூன்று வழிகளுண்டு. முதலாவது, அந்தப் பகுதியில் மட்டும் வேகத்தைக் குறைப்பது. விநாடிக்கு 2 மீட்டராக்கினால் திரும்பு வேகம் 15 டிகிரியாகும். இரண்டாவது, இடைவெளியை 36 மீட்டராக்குவது. பழைய வேகத்திலேயே 10 டிகிரியாகக் குறைந்துவிடும். மூன்றாவது, 90 டிகிரியையும் மூலையிலேயே திருப்பாமல், மூலைக்கு முன்னும் பின்னுமுள்ள பகுதிகளுக்குப் பகிர்ந்து கொடுப்பது. பாட்டரி செலவை நோக்கின் பின்னிரண்டே மேலானவை.

ஒரே இடத்தை நோக்கும்பொழுது

சாய்ந்த தோப்பு, உடைந்த வாய்க்கால் கரை முதலியவற்றைக் காமிரா இடைவிடாது நோக்கியிருக்குமாறு அமைப்பதுண்டு. இதில் திரும்பு வேகம் அவ்விடத்திற்கு எவ்வளவு தொலைவில் பறக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பறக்கும் வேகத்தை 57ஆல் பெருக்கித் தொலைவால் வகுக்க வேண்டும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் 10 மீட்டர் பக்கமாகக் கடந்தால், நேரெதிரே வரும்போது திரும்பு வேகம் ஏறக்குறைய 23 டிகிரி. 30 மீட்டர் விலகிச் சென்றாலோ 8 டிகிரிக்கும் குறைவே. 30 மீட்டர் ஆரத்தில் விநாடிக்கு 3 மீட்டராக ஒருமுறை சுற்றிவர ஒரு நிமிஷத்திற்குச் சற்று மேலாகும்; அப்படம் நிதானமாகவே இருக்கும். அருகிற் சென்றால் தெளிவு மிகும் என்று நினைத்து, வேகத்தைக் குறையாமல் நெருங்கிச் செல்வோரே பெரும்பாலும் ஏமாறுகின்றனர்.

கவனிக்க வேண்டியவை

1. விமானம் பொதுவாகக் குறுகிய பக்கமாகவே திரும்பும். 200 டிகிரி வலமாகத் திரும்பவேண்டுமென்று நாம் எண்ணினால், அது 160 டிகிரி இடமாகத் திரும்பி, வயலுக்குப் பதில் பக்கத்துச் சாலையைக் காட்டும். இடையில் ஒரு புள்ளியை அமைத்து, நூறு நூறாகப் பிரித்துக் கொடுத்தால் இத்தவறு நேராது.

2. மழைக்காலத்து மங்கிய வெளிச்சத்தில் காமிரா ஒவ்வொரு படத்திற்கும் அதிக நேரம் திறந்திருக்கும். திரும்பு வேகம் சிறிது மிகுந்தாலும் படம் இழுபட்டுப்போகும். அந்நாட்களில் மேலே சொன்ன அளவையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

3. சேதத்தை உற்றுநோக்க வேண்டிய இடத்தில் ஓடும் படத்தை நம்பாமல், விமானத்தை நிறுத்தி நிலைப்படம் எடுத்துக்கொள்க.

4. உயரம் பெரும்பாலும் விமானம் கிளம்பிய இடத்திலிருந்தே கணக்கிடப்படும். வழியிலுள்ள மிக உயர்ந்த தென்னைக்கும் மின்கம்பிக்கும் மேலாக வழியை அமைக்க வேண்டும். வளைந்து செல்லும் முறையில் விமானம் புள்ளியைத் தொடாமலே மூலையை அறுத்துச் செல்லுமாதலால், மூலையை ஒட்டி மரம் இருந்தால் விசேஷ ஜாக்கிரதை தேவை.

5. 2021ஆம் வருஷத்து ட்ரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் பறக்கத்தக்க உயரம் 400 அடி. விமான நிலையத்தை அடுத்த 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடியே. மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் அனுமதியின்றிப் பறத்தலாகாது.

அதிகாரிகளுக்கு

கிராம நிர்வாக அலுவலர்களும் ஏனைய அதிகாரிகளும் இத்தகைய படங்களைப் பார்க்க நேரும்பொழுது, எந்தப் புள்ளியிலிருந்து எத்திசை நோக்கி எடுத்தது, எத்தேதியில் எடுத்தது என்பவற்றைக் கேட்டறிதல் நலம். வழிப்புள்ளிகளைச் சேமித்து வைத்திருப்பவர், நீர் வடிந்தபின் அதே வழியில் அதே வேகத்தில் மறுமுறை பறக்கவிட்டு, இரண்டு படங்களையும் ஒப்பிட்டுக் காட்டக்கூடும். எனினும் படம் நேரில் பார்வையிடுதலுக்குத் துணையாகுமேயன்றி அதற்கு ஈடாகாது.

வெள்ளம் வந்தபின் கணக்குப் போட அவகாசமிராது. ஆகவே பயிர் நன்றாயிருக்கும் பொழுதே, காற்று ஓய்ந்த ஒரு காலை வேளையில் வழியைக் குறித்து, மூலைகளைச் சரிபார்த்து, ஒருமுறை பறக்கவிட்டு வைத்துக்கொள்வாராயின், வேண்டிய நாளில் விவசாயி வீணே திகைக்க வேண்டியதில்லை.