பெட்ரோல் ஹெலிகாப்டர் – பூட்டுவதும் செட் பண்ணுவதும்

ரேடியோ கன்ட்ரோல் ஹெலிகாப்டர் என்றால் "பொம்மைதானே?" என்று சிரிப்பவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

23 சி.சி. டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் 12,000 ஆர்.பி.எம்.மில் ஓடுகிறது, 8:1 கியரில் மெயின் ரோட்டார் 1,500. விட்டம் 1.5 மீட்டர் என்றால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு சுமார் 424 கி.மீ. பிளேடு 150 கிராம், அதன் ஈர்ப்பு மையம் 40 செ.மீ. தள்ளி என்றால், அதை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 150 கிலோ! போல்ட் லூஸானால் என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?

எனவே நான் கடைப்பிடிக்கும் வரிசை:

1. உலோகத்தில் ஏறும் எல்லா ஸ்க்ரூவுக்கும் த்ரெட்லாக் பசை.

2. இரண்டு பிளேடுக்கும் எடையும் ஈர்ப்பு மையமும் ஒன்றாக வேண்டும். குறைந்த பக்கம் டேப் ஒட்டலாம்.

3. ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ ஆர்மும் லிங்க்கும் 90 டிகிரி, ஸ்வாஷ்பிளேட் மட்டம். பிறகுதான் பிட்ச் கேஜ்.

4. ஸ்பார்க் இரைச்சல் ரிசீவரைக் குழப்பும். ரெசிஸ்டர் பிளக் போட்டு, ரிசீவரைத் தள்ளி வைத்து, இன்ஜின் ஓடும்போதே ரேஞ்ச் டெஸ்ட் செய்யுங்கள்.

5. வாலைத் திருப்பினால் கைரோ எதிர்த்திசையில் திருத்தணும். தலைகீழாக இருந்தால் பம்பரம்தான்!

6. பெட்ரோலில் ஆயில் கலவை இன்ஜின் புத்தகத்தில் சொன்னபடி. கார்புரேட்டரை முதலில் ரிச்சாகவே வையுங்கள். லீன் ஆனால் பிஸ்டன் பிடித்துவிடும்.

7. ஐடிலில் கிளட்ச் விடுபட்டு ரோட்டார் நிற்கணும். ஸ்டார்ட் செய்யும்போது ரோட்டார் ஹெட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் தள்ளியே நிற்கட்டும்.

மார்க்குக்காக மனப்பாடம் செய்த 'எம் ஒமேகா ஸ்கொயர் ஆர்' நம் தலைக்கு மேலேயே சுற்றுகிறது. மதித்தால் பறக்கும்!