பாரிஸில் ஆடிய கடலூர்ப் பெண்கள்

மட்டாஞ்சேரி அரண்மனையை 1555-இல் கொச்சி மன்னருக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். நம் நாட்டு ஆடல் மகளிரை அவர்கள் 'பைலடெய்ரா' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் நாவில் அது 'பயதேர்' ஆயிற்று. பாரிஸில் 1830-இல் அந்த வேடம் பூண்டு ஆடியவர் மரீ தாக்லியோனி. வேடம் இந்தியப் பெண். ஆட்டமோ கால்விரல் நுனியில் நின்றாடும் ஐரோப்பிய பாலே!

எட்டே ஆண்டுகளில் அசல் நாட்டியமே பாரிஸுக்கு வந்து சேர்ந்தது. கடலூரை அடுத்த திருவந்திபுரத்துத் தேவதாசிகள் ஐவர், ஒப்பந்தம் செய்துகொண்டு, வாத்தியக்காரர்களுடன் கப்பலேறினர். தில்லையம்மாள், அம்மணி, ரங்கம், சுந்தரம், வேதம் என்பன அவர்கள் பெயர்கள். கடைக்குட்டி வேதத்துக்கு ஆறு வயதுதான்!

1838 ஆகஸ்டில் வாரியத்தே அரங்கில் ஆடினார்கள். அம்மணியின் ஆட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்த கவிஞர் தியோஃபீல் கோத்தியே, பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். சிற்பி பார், அவளை வெண்கலச் சிலையாக வடித்தார். இன்றும் உலகெங்கும் ஆடப்படும் 'ஜிசெல்' பாலேக்கு 1841-இல் கதை அமைத்தவர்களுள் ஒருவர் இதே கோத்தியேதான்.

1877-இல் ரஷ்யாவில் அரங்கேறிய 'லா பயதேர்' பாலேயின் நாயகியும் கோயில் நாட்டியப் பெண்ணே. ஆனால் அவள் ஆடுவது சதிர் அல்ல, பாலே. மேலைநாட்டார் வேடத்தை வைத்துக்கொண்டார்கள், ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்த அந்த ஐவரின் பெயர்களையாவது நாம் மறக்கலாமா?