குதிரைத்தோலில் எழுதிய கணக்கு

பழுப்பு நிறத் தோல் ஜாக்கெட். முழங்கை பளபளவென்று தேய்ந்திருக்கிறது. மணிக்கட்டில் இருந்த கம்பளிப் பின்னலை அந்துப்பூச்சி பாதி தின்றுவிட்டது. முன்பக்கம் இடது மார்பில் ஒரு ஸ்குவாட்ரன் சின்னம், அதற்கு மேலே தோலில் பெயர் அச்சிட்ட சின்னப் பட்டை. திருப்பிப் பார்த்தால் முதுகு முழுக்க ஓவியம்: ஒரு விமானத்தின் பெயர், ஒரு பெண், கீழே வரிசை வரிசையாக மஞ்சள் வண்ணத்தில் கட்டைவிரல் அளவு குண்டுகள். ஒரு குண்டு என்றால் ஒரு தாக்குதல் பயணம். எண்ணினால் எத்தனை முறை போய்த் திரும்பினார் என்பது தெரிந்துவிடும்.

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களில் பறந்தவர்கள் விட்டுச்சென்ற பொருள்களில் இந்த ஜாக்கெட்டுக்குத்தான் இன்றைக்கும் மவுசு அதிகம். அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைக்கின்றன. சேகரிப்பாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் பரணிலிருந்து இறக்கி, “தாத்தா உண்மையிலேயே இத்தனை தடவை போனாரா?” என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு ஜாக்கெட்டை மட்டும் வைத்துப் பதில் சொல்ல முடியாது. கூடவே காகிதமும் வேண்டும்.

ராணுவம் இதற்கு வைத்த பெயர் ஏ-2. 1931ல் அமெரிக்க ராணுவத்தின் விமானப் பிரிவு இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய ஏ-1 ஜாக்கெட்டில் பொத்தான்கள் இருந்தன; இதில் ஜிப் வந்தது. பெரும்பாலும் குதிரைத்தோல், சிலவற்றில் வெள்ளாட்டுத்தோல். இரண்டு மூடிய பைகள், காற்றில் பறக்காமல் அழுத்திப் பூட்டும் காலர், இடுப்பிலும் மணிக்கட்டிலும் காற்று புகாத பின்னல். ரஃப் வேர், ஏரோ லெதர், டூபோ என்று பல நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்துத் தைத்துக் கொடுத்தன. கழுத்துக்குள் இருக்கும் லேபிளில் வகை, 30-1415 என்ற வரைபட எண், ஒப்பந்த எண், தைத்த நிறுவனத்தின் பெயர் எல்லாம் இருக்கும். இன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் வயதைக் கணக்கிட உட்காருபவர் முதலில் பார்ப்பது முதுகு ஓவியத்தை அல்ல, இந்த லேபிளைத்தான்.

இப்படிப்பட்ட ஜாக்கெட்டைப் போட்டவர்களில் நேவிகேட்டர் தனி ரகம். பி-17 விமானத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். அவர்களில் பெரும்பாலானோர் கையில் துப்பாக்கி. இவர் கையில் பென்சில். விமானத்தின் மூக்குப் பகுதியில், குண்டு வீசுபவருக்குப் பின்னால், பள்ளிக்கூட மேசை அளவில் ஒரு பலகை. அதில் வரைபடம், அளவுகோல், வட்டமாகச் சுழலும் ஈ-6பி என்ற கணக்குத் தட்டு. கையில் ஏ-11 கடிகாரம். அதன் திருகை இழுத்தால் நொடிமுள் நின்றுவிடும். புறப்படுவதற்கு முன் எல்லா நேவிகேட்டர்களும் ஒரே நொடியில் கடிகாரத்தை ஓடவிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது.

வேலை கேட்பதற்கு எளிது. எவ்வளவு வேகம், எந்தத் திசை, எவ்வளவு நேரம், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது: இந்த நான்கையும் வைத்து இப்போது எங்கே இருக்கிறோம் என்று கணிக்க வேண்டும். மேகம் மூடிவிட்டால் கீழே ஆறும் இல்லை, ரயில் பாதையும் இல்லை, கணக்குதான் துணை. திசையில் ஒரு டிகிரி பிசகினால் 60 கிலோமீட்டர் போவதற்குள் ஒரு கிலோமீட்டர் விலகிவிடுவோம் என்பது நேவிகேட்டர்களின் வாய்ப்பாடு. 25,000 அடி உயரத்தில், ஆக்ஸிஜன் முகமூடியோடு, மைனஸ் 40 டிகிரி குளிரில், கையுறை போட்ட விரலால் இதையெல்லாம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை லாக் தாளில் எழுதிக்கொண்டே போக வேண்டும். எதிரி விமானம் வந்தால் பென்சிலை வைத்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் துப்பாக்கியைப் பிடிக்க வேண்டும்.

கூட்டமாகப் பறக்கும்போது வழிநடத்துவது முன்னணி விமானத்தின் நேவிகேட்டர்தான். மற்றவர்கள் அவர் பின்னால் போனால் போதும். ஆனால் என்ஜின் அடிபட்டு ஒரு விமானம் கூட்டத்தைவிட்டு விலகியதும், அதுவரை சும்மா எழுதிக்கொண்டிருந்ததாகத் தோன்றியவரைத்தான் மற்ற ஒன்பது பேரும் நம்பியாக வேண்டும். வீட்டுக்கு எந்தத் திசை என்று அவர் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலின் அருமையை அமெரிக்கா போருக்கு முன்பே ஊரறியக் காட்டியது. 1938 மே 12 அன்று, மூன்று பி-17 விமானங்கள் அட்லாண்டிக் கடலுக்கு மேல் பறந்து, கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் வந்துகொண்டிருந்த ‘ரெக்ஸ்’ என்ற இத்தாலியப் பயணக் கப்பலைத் தேடிப் பிடித்தன. மழையும் மேகமும் சூழ்ந்த அந்தப் பயணத்தில் வழி கணித்தவர், பின்னாளில் புகழும் பழியும் சேர்ந்தே பெற்ற கர்டிஸ் லெமே.

கணக்கு தவறியதற்கும் உதாரணம் உண்டு. 1944 ஏப்ரல் 1 அன்று, ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனுக்குப் புறப்பட்ட அமெரிக்க விமானங்களில் ஒரு பகுதி, மேகத்திலும் எதிர்பாராத காற்றிலும் வழி தவறி, சுமார் 200 கிலோமீட்டர் தெற்கே போய், போரில் சேராத ஸ்விட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகரத்தில் குண்டுகளைக் கொட்டின. சுமார் 40 பேர் இறந்தார்கள். அமெரிக்கா பின்பு இழப்பீடு கொடுத்தது. முதுகில் தீட்டிய ஒவ்வொரு மஞ்சள் குண்டுக்கும் கீழே ஓர் ஊர் இருந்தது என்பதை ஜாக்கெட்டைப் பார்த்து ரசிக்கும்போது எளிதில் மறந்துவிடுவோம்.

ஓவியத்துக்கு வருவோம். விதிப்படி ராணுவ உடையில் இப்படிக் கிறுக்கக் கூடாது. ஆனால் இங்கிலாந்திலிருந்து பறந்த எட்டாவது விமானப்படையில் சுமார் 26,000 பேர் உயிரிழந்தார்கள். சாவு அவ்வளவு அருகில் இருந்த இடத்தில் அதிகாரிகள் முதுகு ஓவியத்தைக் கண்டும் காணாமல் விட்டார்கள். தொடக்கத்தில் 25 பயணம் முடித்தால் ஊருக்குப் போகலாம் என்றிருந்தது. 1944ல் அது 30 ஆகி, பிறகு 35 ஆனது. அதனால் குண்டுகளின் வரிசை வெறும் பெருமை அல்ல. இன்னும் எத்தனை பாக்கி என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஒவ்வொரு தளத்திலும் தூரிகை பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் கிடைப்பார். பாசிங்போர்ன் தளத்தில் 91வது குண்டுவீச்சுக் குழுவில் இருந்த டோனி ஸ்டார்சர் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களின் மூக்கில் படம் வரைந்தார். புகழ்பெற்ற ‘மெம்ஃபிஸ் பெல்’ விமானத்தின் பெண் ஓவியமும் அவர் கைவண்ணம். ஒரு பக்கம் நீல நீச்சலுடை, மறுபக்கம் சிவப்பு. 1943 மே 17 அன்று 25வது பயணத்தை முடித்த அந்தக் குழு, அதே ஓவியத்தை ஜாக்கெட் முதுகிலும் சுமந்துகொண்டு அமெரிக்கா முழுக்க வலம் வந்தது.

அதே ஆண்டின் கடைசியில் இந்த வழக்கம் திருப்பி அடித்தது. ‘மர்டர் இன்க்.’ என்பது ஒரு கொலைகாரக் கும்பலின் பெயர்; அதை ஒரு குழு தன் பி-17 விமானத்துக்கு வைத்திருந்தது. அந்தப் பெயரை முதுகில் எழுதியிருந்த கென்னத் வில்லியம்ஸ் என்ற குண்டு வீசும் அதிகாரி ஜெர்மனியில் பிடிபட்டார். நாஜிப் பிரசாரத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவரைத் திருப்பி நிற்கவைத்து எடுத்த புகைப்படம் பெர்லின் பத்திரிகைகளில் வந்தது. தங்களைக் கொலைகாரர்கள் என்று அமெரிக்கர்களே ஒப்புக்கொள்கிறார்கள் என்று எழுதினார்கள்.

இத்தனை புகழ் பெற்ற ஜாக்கெட், பறக்கும் உயரத்துக்குப் போதுமானதாக இருந்ததா என்றால் இல்லை. அந்தக் குளிருக்கு ரோமத்தோடு கூடிய செம்மறி ஆட்டுத்தோலில் செய்த பி-3 என்ற தடித்த அங்கியும், மின்சாரத்தில் சூடாகும் உடையும் தேவைப்பட்டன. 1943ல் ராணுவம் ஏ-2 கொள்முதலை நிறுத்தி, துணியில் தைத்த பி-10 ஜாக்கெட்டுக்கு மாறியது. வைத்திருந்தவர்கள் மட்டும் கழற்ற மறுத்தார்கள். தோல் ஜாக்கெட் கிடைத்தால் பயிற்சி முடிந்து பறப்பவன் ஆகிவிட்டான் என்று அர்த்தம். அந்தப் பெருமை துணியில் வரவில்லை.

ஜாக்கெட்டோடு சேர்ந்து வரும் சில்லறைப் பொருள்களுக்கும் தனிக் கதை உண்டு. பட்டிலும் ரேயானிலும் அச்சிட்ட வரைபடம்: மடித்தாலும் சரசரக்காது, நனைந்தாலும் கிழியாது, எதிரி நாட்டில் விழுந்தால் நடந்தே தப்பிக்கலாம். பாராசூட்டால் உயிர் பிழைத்தவர்களுக்கு மட்டும் கிடைக்கும் கம்பளிப்புழு வடிவத் தங்க ஊசி. பட்டுப்புழுவுக்குச் சொல்லும் நன்றி அது. சீனாவில் பறந்தவர்களிடம் ‘ரத்தச் சீட்டு’ இருந்தது. போரில் உதவ வந்தவர் இவர், காப்பாற்றுங்கள் என்று சீன எழுத்தில் கேட்கும் துணித் துண்டு. ஆங்கிலத்தில் அதற்குள்ள பெயரில் வரும் ‘சிட்’ என்ற சொல் இந்தியிலிருந்து போனது. இந்தியா, பர்மா, சீனா முனையில் இருந்தவர்களின் சின்னங்களில் அன்றைய இந்தியாவின் கைவண்ணமும் உண்டு. கல்கத்தாவிலும் கராச்சியிலும் தையல்காரர்கள் ஜரிகையிலும் தோலிலும் செய்து கொடுத்தவை இன்று சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் சரக்கு.

இந்த முனையின் மிக நீண்ட பயணங்களில் ஒன்று இலங்கையிலிருந்து புறப்பட்டது. 1944 ஆகஸ்ட் 10 அன்று, திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள சீனன்குடா தளத்திலிருந்து பி-29 விமானங்கள் சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கக் கிளம்பின. போக வர சுமார் 6,000 கிலோமீட்டர். பெரும்பகுதி கடல், அதுவும் இரவில். பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக நேவிகேட்டர்கள் லாக் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அந்த லாக் தாள்களுக்கும் சந்தை உண்டு. ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீசிய ‘எனோலா கே’ விமானத்தின் நேவிகேட்டர் தியோடர் வான் கிர்க், ஆறு மணி நேரத்துக்கும் மேலான பயணத்துக்குப் பின் இலக்கை அடைந்தபோது திட்டமிட்ட நேரத்திலிருந்து பிசகியது வெறும் 15 நொடி. தொழிலின் துல்லியத்துக்கும் அதன் விளைவின் கொடுமைக்கும் சாட்சியான அந்த லாக், 2007ல் ஏலத்தில் 3,58,500 டாலருக்குப் போனது.

பணம் புழங்கும் இடத்தில் போலியும் வரும். 1963ல் ‘தி கிரேட் எஸ்கேப்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஏ-2 போட்டு நடித்தபின் இளைஞர்கள் மத்தியில் இதன் மோகம் ஏறியது. இன்று நகல் தயாரிக்கும் நிறுவனங்கள் தையல் வரை அப்படியே செய்கின்றன. அதில் தவறில்லை. பழைய வெறும் ஜாக்கெட்டை வாங்கி, புதிதாக ஓவியம் தீட்டி, போர்க்கால ஓவியம் என்று விற்பதுதான் மோசடி. அனுபவசாலிகள் பூதக்கண்ணாடியோடு உட்காருவார்கள். எண்பது ஆண்டு வயதான வண்ணம் தோலோடு சேர்ந்து வெடித்திருக்கும்; புதிய வண்ணமோ ஏற்கெனவே இருக்கும் வெடிப்புக்குள் இறங்கி நிற்கும். புற ஊதா விளக்கில் பின்னாளைய செயற்கை நூல் பளீரென்று ஒளிரும். எட்டாவது விமானப்படையில் 1943ல் பணி முடித்தவருடையது என்று சொல்லி முதுகில் 35 குண்டு இருந்தால், விலை பேசாமல் எழுந்துவிடலாம்.

அடுத்த கட்டம் காகிதம். திரும்பி வராத விமானங்களுக்குக் குழுவினர் பெயர், ராணுவ எண், என்ஜின் எண் வரை குறித்து ‘காணாமல்போன விமானக் குழு அறிக்கை’ எழுதினார்கள்; அவை அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தனிநபர் கோப்புகள் அப்படித் தப்பவில்லை. 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் ராணுவ ஆவண மையத்தில் பிடித்த தீயில் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் அழிந்தன. 1912க்கும் 1960க்கும் இடையில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அதில் போயிற்று. விமானப் பிரிவு அப்போது ராணுவத்தின் அங்கம் என்பதால் நேவிகேட்டர்களின் தாள்களும் அதில் அடக்கம்.

அதனால் சில குடும்பங்களில் இன்று கணக்கு தலைகீழாக நடக்கிறது. பரணில் கிடந்த ஜாக்கெட்டின் விமானப் பெயரிலிருந்து குண்டுவீச்சுக் குழுவைக் கண்டுபிடிக்கிறார்கள். குழுவின் நாள்குறிப்பிலிருந்து பயணத் தேதிகளை எடுத்து, மஞ்சள் குண்டுகளோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். சரிபார்க்கும் வரை ஜாக்கெட்டைக் கம்பி ஹேங்கரில் தொங்கவிட வேண்டாம், தோள் கிழியும். எண்ணெய் தடவவும் வேண்டாம், வண்ணம் உரியும் என்பது அருங்காட்சியகக்காரர்களின் அறிவுரை. அமிலமில்லாத தாளைச் சுருட்டிக் கைகளுக்குள் வைத்து, ஓவியம் மடங்காமல் அட்டைப்பெட்டியில் படுக்க வைத்துவிட்டு, பைகளுக்குள் ஏதாவது சீட்டு மிச்சமிருக்கிறதா என்று மறுபடி ஒருமுறை தடவிப் பார்க்கிறார்கள்.